கொழிஞ்சிக்கு மருந்து அடிக்காதீர்கள்

கேள்வி: ஐயா, உச்சிப்புளிப் பக்கம் கடலோரமாக எங்களுக்கு ஒரு ஏக்கர் மணல்காடு இருக்கிறது. ஜேசிபி வைத்துச் சீமைக்கருவேலத்தைத் தோண்டி எடுத்தோம். ஐப்பசி மழைக்கு அப்புறம் எருக்கும் கொழிஞ்சியும், கடல் பக்கம் அடப்பங்கொடியுமாக மண்டிவிட்டது. களைக்கொல்லி அடித்துவிட்டுத் தென்னங்கன்று வைக்கலாமா?

– உச்சிப்புளி வாசகர்

பதில்: தென்னை தாராளமாக வையுங்கள். மருந்து மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். ஜேசிபி புரட்டிய மணலில் நிழல் கிடையாது, மக்கிய இலைதழையும் கிடையாது. அங்கே யாரும் தண்ணீர் ஊற்றாமல் வந்து நிற்கிற செடிகள் இவை. இவற்றைக் கருக்கிவிட்டால், ஆடிக் காற்றில் மணல் பறந்து உங்கள் கன்றின் குருத்தில்தான் விழும்.

ஈரம் காய்வதற்குள் ஒரு கொழிஞ்சியை மண்வெட்டியால் வேரோடு கிளப்பிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அதிலிருக்கும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாம் காசு கொடுத்து யூரியா போடுவது இந்தச் சத்துக்காகத்தானே! நான் வளர்ந்த ஊரில் கொழிஞ்சியைக் களை என்று யாரும் சொன்னதில்லை. ஆடு மாடும் அதில் அவ்வளவாக வாய் வைக்காது. பூவெடுக்கும்போது மடக்கி உழுதுவிடுங்கள். காய் முற்றினால் தண்டு நாராகி, மக்க நாளாகும். எருக்கையும் வெட்டிக் கன்றுக் குழியில் போடலாம். வயலில் எருக்கந்தழையை மிதித்து நாற்று நட்டவர்கள்தானே நம் ஆட்கள்.

அடப்பங்கொடியைத் தொடவே தொடாதீர்கள். கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடிக்கும். மணல் மூட மூட, நுனி மேலே வந்துவிடும். கூடவே ராவணன் மீசை என்கிற முள்ளுப் புல்லும் இருந்தால் இன்னும் நல்லது. குத்தும்தான், பிள்ளைகளைச் செருப்பில்லாமல் விடாதீர்கள். 1964 டிசம்பர் புயல் வழித்துப் போட்ட தனுஷ்கோடி மணலில் இந்த இரண்டையும் இன்றைக்கும் பார்க்கலாம்.

பள்ளத்தில் உமரி முளைத்திருந்தால் அங்கே உப்பு நிற்கிறது. அந்த இடத்தில் கன்று வேண்டாம்.

பிடுங்க வேண்டியது சீமைக்கருவேல நாற்றைத்தான். நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கையிலிருந்து மறுபடி முளைக்கும். சாண் உயரத்தில், மண் ஈரமாக இருக்கும்போது இழுத்தால் வேரோடு வரும். ஒடித்துவிட்டால் தூரிலிருந்து நாலாகத் துளிர்க்கும். தை பிறப்பதற்குள் ஆள் விட்டுப் பிடுங்கிவிடுங்கள்.