2147483647 என்ற எண்ணில் அப்படி என்ன சிறப்பு?
214 கோடியைத் தாண்டும் இந்த எண் ஒரு பகா எண். அதாவது 1ஐயும் தன்னையும் தவிர வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாது. 1772இல் இதைக் காட்டியவர் கணித மேதை ஆய்லர்.

கணினி இல்லாமல் எப்படி? பகா எண்ணாக இல்லாவிட்டால், இதன் காரணிகளில் ஒன்றாவது வர்க்கமூலத்துக்குள் இருந்தே ஆக வேண்டும். ஆகவே 46,340 வரை பார்த்தால் போதும். அப்புறம், இது 31 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்த எண். அதனால் இதன் எந்தப் பகாக் காரணியை 62ஆல் வகுத்தாலும் மீதி 1தான் வர முடியும். இந்த ஒரு நிபந்தனையிலேயே பெரும்பாலான எண்கள் கழிந்துவிடும். மிஞ்சும் எண்களால் கையால் வகுத்துப் பார்ப்பதும் லேசான வேலை இல்லைதான்!

சரி, கணினிக்காரர்கள் ஏன் இந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள்? 0, 1 மட்டும் கொண்டு எழுதினால் இது வரிசையாக 31 ஒன்றுகள். பைக் மீட்டரில் எல்லாக் கட்டமும் 9 ஆகிவிட்ட மாதிரி. குறை எண்களுக்கும் இடம் விடும் 32 பிட் (அதாவது 0, 1 எழுத 32 கட்டங்கள்) கணக்கில் இதுவே உச்சம். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை இப்படி எண்ணும் பழைய கணினிகள் 2038 ஜனவரி 19 அன்று இதைத் தொடும்.

ஒரு பகா எண் அளவுக்கு இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் எப்போதும் பகா எண்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் 11 இரண்டுகளில் வரும் 2047, 23 × 89 என்று உடைந்துவிடும்.