புதிய மொழி ஒன்றைச் சலிப்பில்லாமல், ரசித்துக் கற்பது எப்படி?

உங்களுக்கு ஏற்கெனவே அத்துப்படியான ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைப் புதிய மொழியில் படியுங்கள், கேளுங்கள், செய்யுங்கள். என் பதில் இவ்வளவுதான். விஷயம் தெரிந்திருந்தால் கவனம் முழுவதும் மொழியின் மேல் போகும். விஷயமும் புதிது, மொழியும் புதிது என்றால் அரைமணி நேரத்தில் கண் சொருகிவிடும். சொற்பட்டியலை மனப்பாடம் செய்கிறவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பட்டியலில் இருக்கும் சொல்லுக்கு ஒட்டிக்கொள்ள இடமில்லை.

நான் கோவைக்காரன். வேலை நிமித்தம் திருச்சூரில் குடியேறி அங்கே மலையாளம் கற்றேன். எனவே உதாரணங்கள் மலையாளத்தைச் சுற்றியே வரும். உங்கள் மொழி வேறாக இருந்தாலும் வழி பொருந்தும்.

எழுத்தை நான் ரயிலில் கற்றேன். கோவையிலிருந்து போகும்போது எட்டிமடை வரை பெயர்ப்பலகைகளில் தமிழ் இருக்கும். வாளையாறு வந்ததும் மேல் வரி மலையாளத்துக்கு மாறிவிடும், கீழே இந்தியும் ஆங்கிலமும். ஊர்ப் பெயர் நமக்குத் தெரியும், ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. அப்புறம் மேல் வரியை அவிழ்ப்பது ஒரு விளையாட்டு. ஒற்றப்பாலம் பலகையில் ‘ற்ற’வும் ‘ப்ப’வும் இரட்டிக்கும்போது எப்படி ஒன்றோடொன்று பிணைகின்றன என்று தெரிந்தது. சொல்லின் கடைசி ‘ம்’ வெறும் சின்ன வட்டம் என்பதையும் அதே பலகை சொல்லிக்கொடுத்தது. கொல்லம், கோட்டயம் எல்லாவற்றிலும் அந்த வட்டம் உண்டு. ஷொர்ணூரில் ‘ர்’ இரண்டு முறை வருகிறது. புள்ளி வைத்த ‘ர’ இல்லை, தனக்கென்று ஒரு வடிவம். வடக்காஞ்சேரியில் ‘ட’, ‘க்க’, ‘ஞ்ச’ மூன்றும் ஒரே பலகையில் கிடைத்துவிடும். உ, ஒ, ண, த போன்றவை தமிழ் எழுத்தின் சாயலிலேயே இருப்பதால் பாதி வேலை முன்பே முடிந்திருக்கிறது.

இங்கே ஒரு தகவலை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. 1971-இல் கேரள அரசு தட்டச்சுக்கும் அச்சுக்கும் ஏற்றபடி எழுத்தைச் சீர்திருத்தியது. உகரக் குறிகளும் பல கூட்டெழுத்துகளும் அப்போது பிரித்து எழுதப்பட்டன. கணினி வந்தபின் பழைய பிணைந்த வடிவங்களும் திரும்பி வந்துவிட்டன. அதனால் ஒரே சொல் ஓரிடத்தில் பிரிந்தும் இன்னோரிடத்தில் பிணைந்தும் நிற்கும். புதிய வடிவத்தில் தொடங்குங்கள், பழையது பழகப் பழகத் தானாகப் பிடிபடும்.

அடுத்து நான் கைவைத்தது குழந்தைகள் இதழ். 1972-இல் தொடங்கி இன்றும் வரும் ‘பாலரம’வில் ‘மாயாவி’ என்று ஒரு சித்திரக்கதை உண்டு. குட்டூசனும் டாகினியும் ஒரு சூழ்ச்சி செய்வார்கள், குந்தத்தில், அதாவது ஈட்டியில், ஏறிப் பறக்கும் குட்டிச்சாத்தான் லுட்டாப்பி அதற்குத் துணை போவான், ராஜுவும் ராதாவும் கூப்பிட்டால் மாயாவி வந்து எல்லாவற்றையும் தலைகீழாக்குவான். வாராவாரம் இதே கட்டுக்கோப்பு. பெரியவர்களுக்கு அலுக்கலாம், மொழி கற்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும், படமும் காட்டுகிறது, மிஞ்சுவது சொல் மட்டுமே. ஓடுவது, ஒளிவது, பிடிப்பது, ஏமாற்றுவது, அலறுவது என்று அன்றாடத்துக்கு வேண்டிய வினைகள் எல்லாம் அந்தச் சில பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும்.

மலையாள இலக்கணத்தில் தமிழருக்குக் கிடைக்கும் பெரிய சலுகையையும் அந்தப் படக்கட்டங்களில்தான் கண்டுபிடித்தேன். நாம் வந்தேன், வந்தாய், வந்தாள், வந்தார்கள் என்று வினையின் வாலை ஆளுக்கு ஏற்றபடி மாற்றுகிறோம். அங்கே ஞான் வந்நு, நீ வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு. அவ்வளவுதான், வால் கிடையாது. மந்திரக்கோலோடு வந்தது மாயாவியா, குந்தத்தோடு வந்தது லுட்டாப்பியா என்பதைப் படமே சொல்லிவிடுவதால் எனக்குக் குழப்பமும் வரவில்லை. இலக்கணப் புத்தகத்தைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. கேள்வி நமக்குள் எழுந்தபிறகு திறந்தால், அதே புத்தகம் துப்பறியும் கதைபோல ஓடும்.

காதுக்கு ஒரு வழி சொல்கிறேன். ‘பாபநாசம்’ படம் உங்களில் பலருக்குக் காட்சிக்குக் காட்சி தெரிந்திருக்கும். 2015-இல் வந்த அந்தப் படம் 2013-இல் வந்த மலையாள ‘த்ருஷ்ய’த்தின் மறுஆக்கம், இரண்டையும் இயக்கியவர் ஜீத்து ஜோசப். காவல்துறை அதிகாரியாக இரண்டிலும் ஆஷா சரத், இளைய மகளாக இரண்டிலும் எஸ்தர் அனில். ஒரு விசாரணைக் காட்சியைத் தமிழில் பாருங்கள், உடனே அதே காட்சியை மலையாளத்தில் பாருங்கள். முகம் அதே, கோபம் அதே, கேள்வியும் ஏறக்குறைய அதே. மொழி மட்டும் வேறு. ஆங்கில வசன வரிகளை மட்டும் அணைத்துவிடுங்கள். அவை ஓடினால் கண் படித்துக்கொண்டிருக்கும், காது தூங்கிவிடும். இதில் நான் சமரசமே செய்துகொள்வதில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த வகுப்பறை அடுக்களை. எங்கள் மாடி வீட்டுச் சேச்சியிடம் உள்ளித் தீயல் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். வறுத்தரைத்த குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவனுக்குத் தீயலின் போக்கு புதிதல்ல. தேங்காய்த் துருவலை மல்லியோடும் மிளகாயோடும் நன்றாகச் சிவக்க வறுத்து அரைத்து, புளிக்கரைசலில் சின்ன வெங்காயத்தோடு கொதிக்கவிடுவது. அவர் வாணலியைவிட்டுக் கண்ணெடுக்காமல் “தேங்ஙா நல்லோணம் மூக்கட்டே” என்றார். வெண்மை போய், பொன்னிறமும் தாண்டி, காப்பிக்கொட்டை நிறம் ஏறும் வரை கரண்டி நிற்கவில்லை. ‘மூக்குக’ என்ற வினைக்கு எந்த அகராதியும் எனக்கு அந்த நிறத்தையும் வாசனையையும் கொடுத்திருக்காது. விளிம்பில் லேசாகப் புகை கிளம்பியதும் “தீ குறய்க்கு” என்று என்னிடம் அவசரமாகச் சொன்னார். என் கை அடுப்புக் குமிழைத் திருப்பிய பிறகுதான், மொழிபெயர்க்காமலே அந்த வாக்கியம் எனக்குப் புரிந்திருக்கிறது என்பது உறைத்தது. அந்த மகிழ்ச்சிக்காகவே ஒரு மொழி கற்கலாம். வெங்காயத்துக்கு “வழற்று” (வதக்கு), தேங்காய் ஆறியதும் “இனி அரச்சோ” என்று பாடம் தொடர்ந்தது. அன்று மாலையே ‘வனிதா’ இதழின் சமையல் பக்கத்தை எடுத்தால் பாதிக்கு மேல் புரிந்தது. சமையல் குறிப்பில் எல்லாம் வரிசையாக நடப்பதால் அடுத்த வினையை ஊகிக்கவும் முடிகிறது. சமைக்கப் பிடிக்காதவர்கள் கிரிக்கெட்டைப் பிடித்துக்கொள்ளலாம். முந்தைய நாள் முழுக்கப் பார்த்த ஆட்டத்தைப் பற்றி மறுநாள் ‘மாத்ருபூமி’ விளையாட்டுப் பக்கத்தில் படித்துப் பாருங்கள்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொல்ல மாட்டேன். டிராய் நகரத்தைத் தோண்டிய ஹைன்ரிக் ஷ்லீமன் 1844-இல் ஆம்ஸ்டர்டாம் வணிக நிறுவனம் ஒன்றில் வேலைபார்க்கும் இளைஞர். பிரெஞ்சு கற்பதற்காக ஃபெனலோனின் ‘டெலிமாக்’ கதையை முழுக்க மனப்பாடம் செய்தவர், ரஷ்ய மொழிக்கு வந்தபோது அதே கதையின் ரஷ்ய மொழிபெயர்ப்பைத் தேடிப் பிடித்தார். எதிரில் ஆள் இருந்தால் வேகம் கூடும் என்று, வாரம் நான்கு பிராங்க் கொடுத்து ஒரு முதியவரைத் தினமும் மாலையில் வரவழைத்து, இரண்டு மணி நேரம் அந்தக் கதையை அவரிடம் ஒப்பித்தாராம். முதியவருக்கு ரஷ்யன் ஓர் எழுத்தும் தெரியாது! சத்தம் தாங்காமல் மற்றக் குடித்தனக்காரர்கள் முறையிட்டதில் இரண்டு முறை வீடு மாற்ற வேண்டி வந்தது என்றும், ஆறே வாரத்தில் ரஷ்ய மொழியில் கடிதம் எழுதினேன் என்றும் அவரே பதிவு செய்திருக்கிறார். அவர் தன்னைப் பற்றிக் கூட்டிச் சொல்பவர் என்று ஆய்வாளர்கள் கருதுவதுண்டு, ஆகவே ஆறு வாரக் கணக்கை இலக்காக வைத்துக்கொள்ள வேண்டாம். தெரிந்த கதை, வாய்விட்டுச் சொல்வது, கேட்க ஓர் ஆள் – இந்த மூன்றையும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுக்கு வருவோம். கேரளத்தில் தமிழருக்கு ஒரு சிக்கல் உண்டு. நம் உச்சரிப்பைக் கேட்டதுமே பலர் அன்பாகத் தமிழுக்கு மாறிவிடுவார்கள். பிறகு மலையாளம் வளர வழியில்லை. இதற்கு நல்ல துணை குழந்தைகள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, நம் சொல் தவறினால் தயங்காமல் திருத்தவும் செய்வார்கள். இன்னொன்று, தினமும் ஒரே மாதிரி நடக்கும் உரையாடல்கள். காய்கறிக் கடை, ஆட்டோ, முடிதிருத்தகம். என்ன கேட்பார்கள், என்ன பதில் வரும் என்பது ஊருக்கு ஊர் ஒன்றுதானே. வயதில் மூத்தவரை ‘நீ’ என்றுவிடாமல் சேட்டா, சேச்சி என்று அழைத்துத் தொடங்கினால் பாதி மனக்கூச்சம் போய்விடும்.

கொஞ்சம் தேறியபின், 1952-இல் தொடங்கி, இப்போது ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் நடக்கும் நேரு கோப்பைப் படகுப் போட்டியின் வர்ணனையைக் கேட்டுப் பாருங்கள். காரிச்சால், நடுபாகம், செறுதன, பாயிப்பாடு என்று சுண்டன் வள்ளங்களின், அதாவது நீண்ட பாம்புப் படகுகளின், பெயர்களை முதலில் மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். போட்டியைத் தொலைக்காட்சியில் ஒரு முறை பார்த்து, யார் முந்தினார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு அதே போட்டியின் பதிவைப் படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். வர்ணனையாளர் மூச்சுவிடாமல் பேசுவார், ஆனால் முந்துவதும் பின்தங்குவதும் நெருங்குவதும் தொடுவதும்தான் அங்கே மொத்தச் சங்கதி. இரண்டாவது முறை கேட்கும்போது, கடைசி நூறு மீட்டரில் எந்த வள்ளம் எந்த வரிசையில் வருகிறது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.