இருபது நிமிடம் பறக்க ஏழு லட்சமா?

கேள்வி: தை மாதம் மகனுக்குத் திருமணம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஹெலிகாப்டர் அமர்த்த ஆசை. இருபது நிமிடத்துக்கு ஏழு லட்சம் என்றும், பாதியை இப்போதே அனுப்ப வேண்டும் என்றும் தரகர் சொல்கிறார். நம் பக்கமே இந்தச் சேவை வந்தால் விலை குறையுமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஏழு லட்சமும் அந்த இருபது நிமிடத்துக்கு அல்ல. செட்டிநாட்டில் வாடகை ஹெலிகாப்டர் நிற்பதில்லை. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ 350 கிலோமீட்டருக்கு மேல் பயணிகள் இல்லாமல் வந்து, அப்படியே திரும்ப வேண்டும். அந்த மணிக்கணக்கும் உங்கள் தலையில்தான். ஆகவே பறக்கும் நேரம், வந்து போகும் நேரம், காத்திருப்பு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். முழு ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுத்தால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ஏழு லட்சத்துக்கு ₹1,26,000. “எல்லாம் சேர்த்துத்தான்” என்ற வாய்ச்சொல்லில் இது அடங்குமா என்று கேளுங்கள்.

முன்பணத்தைத் தரகருக்கு அனுப்பாதீர்கள். ஹெலிகாப்டர் நிறுவனத்தின் கணக்கிலேயே செலுத்துங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான ஹெலிகாப்டரை வாடகைக்கு ஓட்டக்கூடாது. எனவே விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தந்த அனுமதியின் நகலையும் காப்பீட்டையும் பாருங்கள். இறங்குவதற்கு மாவட்ட நிர்வாகம், காவல்துறை அனுமதிகளை யார் வாங்குவது, அவை கிடைக்காவிட்டாலோ வானம் மூடிக்கொண்டாலோ எவ்வளவு திரும்பும் என்பதும் ஒப்பந்தத்தில் வரட்டும்.

நேரத்தையும் யோசியுங்கள். தை மாதத்தில் ஆறேகால் வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். அதன் பிறகு ஊர்ப் பொட்டலில் இறங்க முடியாது. மாப்பிள்ளை அழைப்பு ஏழு மணிக்கென்றால் ஆசையை விட்டுவிடுங்கள். இறங்கும் இடத்தில் முன்கூட்டியே தண்ணீர் தெளிக்காவிட்டால், விசிறிக் காற்றில் செம்மண் புழுதி எழுந்து விமானிக்குத் தரையே தெரியாமல் போகும். பந்தல் அருகில் இருந்தால் தகரமும் துணியும் பறக்கும்.

இங்கேயே சேவை வருமா? செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் கிடக்கிறது. இடம் பெரிய தடையல்ல. கல்யாணக்காரர்கள் எல்லோரும் ஒரே முகூர்த்த நாளில் கேட்பார்கள், ஆடியிலும் மார்கழியிலும் சீந்துவாரில்லை. கடன் தவணையும் விமானி சம்பளமும் மாதம் பார்த்து நிற்குமா? கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டு விடுதிகளுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளும் அவசர மருத்துவப் பயணங்களும் வார நாட்களை நிரப்பினால் ஒழிய, எந்த நிறுவனமும் இங்கே தளம் போடாது என்பதே என் கணிப்பு. உங்கள் தை மாதத்துக்குள் நடக்காது.

பணம் வாங்கிக்கொண்டு வராமல் போனால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். விலை குறைய ஒரு வழி: உங்கள் மாப்பிள்ளை அழைப்பு நாளிலேயே பக்கத்து ஊரில் வேறு முன்பதிவு உண்டா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். இருந்தால் வந்து போகும் செலவைப் பங்கிடச் சொல்லிப் பேரம் பேசலாம்.