உருவப்படத் தொழிலில் நேர்மையைக் காப்பது எப்படி?

நேர்மை போன்ற மதிப்பீடுகளைக் கைவிடாமல் உருவப்படமும், ஒருவர் செய்யும் தொழிலைக் காட்டும் தொழில் அடையாளப் படமும் எடுத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், அதற்கு அந்த மதிப்பீடுகளை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும். குறிப்பாக, படத்திருத்தத்தின் எல்லையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சில நாளில் தானே மறையும் பருவை நீக்கலாம், மச்சத்தையும் தழும்பையும் நரையையும் படத்தில் இருப்பவரே கேட்டாலொழியத் தொடக்கூடாது. பரந்த காட்சியைப் பிடிக்கும் அகலக்கோண லென்ஸை முகத்துக்கு மிக அருகில் கொண்டுசென்றால் மூக்கு பெருத்தும் காதுகள் சிறுத்தும் தெரியும் என்பதால், முழுச்சட்டகக் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டக அளவு உணரி கொண்ட) கேமராவில் 85 மி.மீ. லென்ஸுடன் சற்று விலகி நின்று எடுப்பதே, என்னைப் பொறுத்தவரை, எதிரில் அமர்ந்திருப்பவருக்குச் செய்யும் முதல் மரியாதை. தொழில் அடையாளப் படமென்றால், தையற்கலைஞரைக் கைகட்டி நிற்கவைப்பதைவிட, அவர் துணியில் சாக்கட்டியால் கோடு போடும்போது விரல்களும் தெரியும்படி எடுங்கள். படங்களை உங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதற்கான இசைவைத் தனியாக, எழுத்தில் பெறுங்கள். மறுப்பவரிடம் அதற்காகக் கட்டணத்தைக் கூட்டாதீர்கள்.