கடல் இருந்த ஊருக்கு ஒரு நாள்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் ஏழாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. விடுமுறையில் ஒரே நாளில் சாத்தனூர் கல்மரம், வாரணவாசி அருங்காட்சியகம், கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம், கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய நான்கையும் காட்ட முடியுமா என்று கேட்கிறார். போன முறை ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனபோது பிள்ளைகள் இருபது நிமிடத்தில் வெளியே வந்து ஐஸ்கிரீம் கேட்டார்களாம். அதுவும் அவர் மனத்தில் இருக்கிறது.

முதலில் கங்கைகொண்ட சோழபுரத்தை எடுத்துவிடுங்கள். ராஜேந்திர சோழனின் கோயிலுக்கு ஒரு முழு நாள் தர வேண்டும். அது ஆயிரம் ஆண்டுக் கதை, கல்மரமும் அருங்காட்சியகமும் கோடி ஆண்டுக் கதை. இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் பிள்ளைகளின் மனத்தில் எதுவும் நிற்காது. பறவைகளை மாலைக்கு வைத்துக்கொண்டு, கல்மரத்தையும் அருங்காட்சியகத்தையும் ஒரே கேள்வியால் கோத்துவிடலாம்: கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் எப்படி வந்தது?

வரிசை முக்கியம். பெரும்பாலோர் அருங்காட்சியகத்தில் தொடங்குவார்கள். நான் கல்மரத்தில் தொடங்கச் சொல்வேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கல்லைப் பார்த்துக் குழந்தைக்குக் கேள்வி எழாது. வெட்டவெளியில் ஒரு மரம் கல்லாகிக் கிடப்பதைப் பார்த்தால் எழும். அந்தக் கேள்வியோடு அருங்காட்சியகத்துக்குள் நுழையும் பிள்ளை இருபது நிமிடத்தில் வெளியே வராது.

காலை ஆறரைக்குக் கிளம்பினால் நல்லது. சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் வரை போய்க் கிழக்கே திரும்ப வேண்டும். மூன்று இடங்களுக்கும் பஸ்ஸை நம்பிப் போனால் காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும். சொந்த வண்டியோ வாடகை வண்டியோ வேண்டும். குடிநீரும் காலை உணவும் வீட்டிலிருந்தே வரட்டும்.

சாத்தனூரில் கிடப்பது சுமார் 18 மீட்டர் நீள அடிமரம். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் இதை உலகுக்குத் தெரிவித்தார். வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். அன்று இந்தப் பகுதியைக் கடல் மூடியிருந்தது. இன்றைய கடற்கரையோ இங்கிருந்து 80 கிலோமீட்டருக்கும் அப்பால் கிழக்கே இருக்கிறது. கரையில் வளர்ந்த மரம் நீரில் அடித்துவரப்பட்டுக் கடலடிச் சேற்றில் புதைந்தது. காற்றுப் படாததால் மட்கவில்லை. நீரில் கரைந்திருந்த சிலிக்கா என்னும் மணலின் கனிமம் மரத்தின் நுண்ணறைகளுக்குள் மெல்ல மெல்லப் புகுந்து படிந்து, மரம் இருந்த வடிவிலேயே கல்லானது. பிள்ளைகளிடம் இதை உடனே சொல்லிவிடாதீர்கள். அருகே உட்காரவைத்து, "இது மரமா, கல்லா?" என்று மட்டும் கேளுங்கள். பதிலை அவர்களே தேடட்டும்.

அங்கே ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆளுக்கொரு துண்டு எடுத்தால் அடுத்த தலைமுறைக்கு மரம் இருக்காது.

12 கோடி என்பது குழந்தைக்கு வெறும் எண். அதை உணரவைக்க நான் கையாளும் வழி ஒன்று உண்டு. ஓர் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனின் வயது ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், விரல் நகத்தின் அகலம். தஞ்சைப் பெரிய கோயில் ஒரு மீட்டர். கீழடி இரண்டரை மீட்டருக்குச் சற்று மேல். கல்மரம்? 120 கிலோமீட்டர். வீட்டிலிருந்து கிளம்பும்போதே வண்டியின் கிலோமீட்டர் எண்ணை மகளைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 66 கிலோமீட்டர் தாண்டும்போது டைனோசர்கள் அழிந்த காலம் வந்துவிட்டது என்று சொல்லலாம். அன்றைய ஓட்டம் 120-ஐத் தொடும் இடத்தில் வண்டியை ஓரம் கட்டி இறங்கி நில்லுங்கள்.

அடுத்து அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகம். வார விடுமுறை எந்த நாள் என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். பூட்டிய கதவின் முன் பிள்ளைகளோடு நிற்பது போன்ற ஏமாற்றம் வேறில்லை. உள்ளே எல்லாப் பலகைகளையும் படிக்கவைக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து அம்மோனைட்டைக் கண்டுபிடித்து வரையச் சொன்னால் போதும். ஆட்டுக்கிடாக் கொம்பு போலச் சுருண்ட ஓடு. கணவாய்க்கு உறவான கடலுயிர். ஓட்டின் உள்ளே வரிசையாக அறைகள். சில மாதிரிகளில் அறைச் சுவர் ஓட்டைத் தொடும் கோடு, இலை விளிம்பு போல வளைந்து நெளிந்து தெரியும். அதை வரைய முயலும் பிள்ளை பத்து நிமிடம் அசையாது.

ஒருமுறை நான் அழைத்துச் சென்ற ஆறாம் வகுப்புச் சிறுமி அம்மோனைட்டைப் பார்த்ததும், "இது எங்கள் பாட்டியின் பூஜை அறையில் இருக்கிறது" என்றாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சொன்னது சரி. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமம் அம்மோனைட் புதைபடிவம்தான். இமயமலை இருக்கும் இடத்திலும் கடல் இருந்தது என்பதற்கு அது சாட்சி. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ சாளக்கிராமம் இருந்தால் பயணத்துக்கு முன் பிள்ளைகளுக்குக் காட்டிவையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்தப் பக்கம் உருண்டைக் கல்லைக் காட்டி டைனோசர் முட்டை என்பார்கள். 2020-இல் குன்னம் பகுதியில் கிடைத்த உருண்டைக் கற்களைப் பற்றி அப்படித்தான் செய்தி பரவியது. அவை கடற்படிவுகளில் உருவான கற்கள் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஏழாம் வகுப்பு மகளுக்கு இதைச் சொல்லுங்கள். பார்த்தவுடன் நம்பாமல் ஆராய்வதுதான் அறிவியல் என்பது அவளுக்கு எளிதில் பிடிபடும்.

வழியில் சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் கண்ணில் படும். அந்தக் கல்லில் பெரும்பகுதி அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகளும் பிற உயிர்களும் விட்டுச்சென்ற ஓடுகள். நம் வீட்டுச் சுவரில் பழைய கடல் இருக்கிறது என்று சொன்னால் மகன் ஊர் திரும்பியதும் சுவரைத் தடவிப் பார்ப்பான். சுரங்கப் பள்ளங்களுக்குள் மட்டும் இறங்காதீர்கள், அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. காரை கிராமத்தின் செம்மண் ஓடைகளையும் சிலர் சொல்வார்கள். அற்புதமான இடம், மண்ணில் ஜிப்சம் என்னும் கனிமம் கண்ணாடி போல மின்னும். ஆனால் நிழலே கிடையாது. மகன் இன்னும் சற்று வளரட்டும்.

கரைவெட்டி பருவத்தைப் பொறுத்தது. நவம்பர் முதல் மார்ச் வரை என்றால் மாலை நான்கு மணிக்கு அங்கே இருங்கள். புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக மேட்டூர் நீர் வந்து நிறையும் பாசன ஏரி அது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2024-இல் சேர்ந்தது. இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகள் இங்கே இறங்குவதுண்டு. ஒரு தொலைநோக்கி போதும், இருவரும் முறைவைத்துப் பார்க்கட்டும். கோடை விடுமுறை என்றால் ஏரி வற்றியிருக்கும், அதை விட்டுவிட்டு மதியமே வீடு திரும்புங்கள்.

மறுநாள் வீட்டில் ஒரு முட்டை ஓட்டை வினிகரில் போட்டுவையுங்கள். குமிழ் குமிழாகப் பொங்கும். சுண்ணாம்புக்கல்லும் அப்படித்தான் பொங்கும், இரண்டும் கால்சியம் கார்பனேட். பிள்ளைகள் கேட்கும் வரை இதைச் சொல்லாமல் இருங்கள்.