மூளையில் வாசனைக்கென்று தனி இடம் உண்டா? பின்மண்டையில் அடிபட்டால் வாசனை ஏன் போகிறது?

மூக்கில் ஒரு கீறல்கூட இல்லாதபோது வாசனை எப்படிப் போகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் குமுளியில் இருக்கிறேன். நர்சிங் பிள்ளைகளுக்கு உடற்கூறியல் எடுக்கிறேன். வாசனை போகும் பாதையைத் தெரிந்துகொண்டால் இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

மூக்குக் குழியின் கூரையில், கண்களுக்கு நடுவே, ஒரு சின்னச் சவ்வு இருக்கிறது. வாசனையைப் பிடிக்கும் நரம்பணுக்கள் அதில்தான் உள்ளன. அவற்றின் மேல் வாசனை மூலக்கூறுகள் வந்து ஒட்டும் புரதங்களை ஏற்பிகள் என்போம். மனிதருக்குச் சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள். ஒரு நரம்பணுவில் பொதுவாக ஒரு வகைதான் இருக்கும். இந்த ஏற்பிகளின் மரபணுக்களை 1991-ல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-ல் நோபல் கிடைத்தது.

சவ்வுக்கு மேலே மெல்லிய எலும்பு ஒன்று, ஏலக்காய் சலிக்கிற சல்லடை போலத் துளை துளையாக இருக்கும். நரம்பிழைகள் அந்தத் துளைகள் வழியே மேலேறி, எலும்பின் மேல் படுத்திருக்கும் நுகர்ச்சிக் குமிழுக்குள் நுழைகின்றன. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒரே வகை ஏற்பி உள்ள அணுக்களின் இழைகள் குமிழில் குறிப்பிட்ட சில முடிச்சுகளில் வந்து கூடும். ஏலக்காய் மணம் என்பது ஒரே பொருள் இல்லை. சினியோல், டெர்பினைல் அசிடேட் என்று பல சேர்ந்தது. எந்தெந்த முடிச்சுகள் சேர்ந்து தூண்டப்பட்டன என்பதை வைத்துத்தான் மூளை இது ஏலம், இது கிராம்பு என்று பிரிக்கிறது.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த பகுதி. பார்வை, ஒலி, தொடுகை எல்லாம் மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் என்ற இடைநிலையத்தைத் தொட்டுத்தான் மூளையின் வெளிப்படலமான புறணிக்குப் போகும். வாசனை அப்படிக் காத்திருப்பதில்லை. குமிழிலிருந்து நேராக, வாசனையை அடையாளம் காணும் பைரிஃபார்ம் புறணிக்கும், உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலாவுக்கும், நினைவைக் கையாளும் ஹிப்போகாம்பஸின் வாசலில் உள்ள என்டோரைனல் புறணிக்கும் போய்விடுகிறது. ஒரு மணம் வந்ததும் பழைய வீடு சட்டென்று மனதில் வருவதற்கு இந்த நெருக்கம் ஒரு காரணம். கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதியில் வாசனையும் நாக்கின் சுவையும் கலக்கின்றன. ஆக, தனி இடம் என்று ஒன்றைக் காட்ட முடியாது.

இனி அடிபட்ட கதை. பின்மண்டை தரையில் மோதும்போது மூளை உள்ளே முன்னும் பின்னும் குலுங்கும், எலும்பு அசையாது. நடுவில் துளைகளுக்குள் நிற்கும் மெல்லிய இழைகள் அறுந்துபோகும். ஸ்கேனில் எதுவும் தெரியாமலே இது நடக்கலாம்.

ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் பைக்கிலிருந்து விழுந்தபோது இதுதான் நடந்தது. "அக்கா, குழம்புல உப்பு, புளிப்பு, உறைப்பு மட்டும்தான் தெரியுது" என்றான். தைலத்தை மோந்தால் சில்லென்று ஏறுகிறதே, அப்போ வாசனை தெரிகிறது என்று வீட்டில் சமாதானம் சொன்னார்கள். அந்தச் சில்லிப்பு வேறு நரம்பு, முகத்தின் தொடு உணர்வுக்கான ஐந்தாவது நரம்பு கொடுப்பது. கண்ணை மூடச் சொல்லிக் காப்பித்தூளை நீட்டினேன். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வாசனை நரம்பணுக்கள் பெரியவர்களுக்கும் புதிதாக முளைக்கும், அதனால் சிலருக்கு ஓரளவு திரும்புகிறது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு நான்கையும் காலையும் மாலையும் 12 வாரம் கவனமாக முகரும் பயிற்சியைத் தாமஸ் ஹம்மல் குழு 2009-ல் வெளியிட்டது. இப்போது பல காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அதைச் சொல்கிறார்கள். நீங்களும் அவர்களிடம் காட்டுங்கள். மூக்கிலிருந்து தண்ணீர் போலத் தெளிவாக வடிந்தால் தள்ளிப்போடாமல் உடனே போங்கள், அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். சமையலறையில் காஸ் கசிவு அலாரம் ஒன்றை இந்த வாரமே மாட்டிவிடுங்கள்.