கடைசி பெக்கில் இருந்து எத்தனை மணி நேரம்? தீயணைப்பு வீரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தீயணைப்பு வீரர்களின் உடல்தகுதியைப் பரிசோதிப்பது என் வேலை. மது, மாத்திரை, போதைப்பொருள் பற்றி வந்த கேள்விகளைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். கேட்டவர்களின் பெயர், நிலையம் எதையும் போடவில்லை. பாதிப் பேர் முதல் வரியிலேயே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: எங்கள் விதியில் "பணிக்கு முந்தைய எட்டு மணி நேரம் மது கூடாது" என்று இருக்கிறது. இரவு பத்தரைக்கு நிறுத்திவிட்டுக் காலை ஏழு மணி ஷிப்டுக்குப் போனால் சரிதானே டாக்டர்?

விதியின் முதல் பாதிப்படி சரி. இரண்டாம் பாதியைத்தான் யாரும் படிப்பதில்லை. சர்வதேச தீயணைப்புத் தலைவர்கள் சங்கத்தின் கொள்கையிலும் இதே எட்டு மணி நேரம் இருக்கிறது. கூடவே, அதற்கு முன்னால் குடித்ததன் பாதிப்பு இன்னும் இருந்தால் நீங்களாகவே விலகிக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 சதவீத மது 60 மி.லி. என்றால் அதில் சுமார் 19 கிராம் ஆல்கஹால். ஐந்து முறை ஊற்றினால் 95 கிராம். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் எரிக்கும். இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்தவருக்குக் கணக்கு முடிய மறுநாள் காலை எட்டரை, ஒன்பது ஆகிவிடும். ஏழு மணிக்கு மூச்சுக் கருவியில் ஊதினால் காட்டும். எட்டு மணி நேர இடைவெளி விட்டும் காட்டும். காபி, குளிர்ந்த நீரில் குளியல், வியர்க்க ஓடுவது இவை எதற்கும் கல்லீரல் வேகம் கூட்டாது. அதனால் எப்போது நிறுத்தினேன் என்று மட்டும் பார்க்காமல் எவ்வளவு உள்ளே போனது என்றும் பாருங்கள்.

சரி, இரத்தத்தில் ஆல்கஹால் பூஜ்யம் ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஆல்கஹால் சிறுநீரை அதிகமாகப் பிரியவைக்கும், உடல் ஏற்கெனவே வறண்டிருக்கும். தூக்கத்தின் பின்பாதி கலைந்திருக்கும். அந்த நிலையில் இருபது கிலோவுக்கு மேல் பாரம், உள்ளே வெப்பம், உச்சத்தில் அடிக்கும் இதயம். அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேர் மாரடைப்பு போன்ற இதய நோயால்தான் இறக்கிறார்கள் என்று 2007-ல் வந்த ஆய்வு சொன்னது. அதிகம் குடித்த மறுநாள் இதயத்துடிப்பு தாறுமாறாவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. இன்னொன்று, சொல்ல அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: குமட்டலோடு சுவாசக் கருவியின் முகமூடியை மாட்டாதீர்கள். புகைக்கு நடுவே அதற்குள் வாந்தி வந்தால் கழற்றவும் முடியாது, மூச்சு விடவும் முடியாது.

கேள்வி: நான் பம்ப் ஆபரேட்டர். தீக்குள் போவதே இல்லை. ஒரு பீருக்கு இவ்வளவு கெடுபிடியா?

உள்ளே இருப்பவர்களுக்குத் தண்ணீர் உங்கள் கையில்தான் இருக்கிறது. வண்டியை அங்கே ஓட்டிக்கொண்டு போனதும் நீங்கள்தான். கெடுபிடி உங்களுக்குத்தான் கொஞ்சம் கூடவே வேண்டும்.

(கையால் அடிக்கும் பம்பு வண்டிகள் இருந்த காலத்தில், பழைய லண்டனில், பம்பு அடிக்கத் தெருவில் இருந்து பிடித்து வந்தவர்களுக்குக் கூலியோடு பீரும் கொடுத்தார்கள். பீர் வரவில்லை என்றால் கை நின்றுவிடுமாம். அந்தப் பாரம்பரியத்தைத் தொடர வேண்டாம்.)

கேள்வி: சளிக்கும் அலர்ஜிக்கும் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரை. இதைக்கூடவா அதிகாரியிடம் சொல்ல வேண்டும்?

ஆமாம். நான் பார்த்தவரை மதுவைவிட இங்கேதான் ஆட்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். இதைத் தப்பு என்றே யாரும் நினைப்பதில்லை.

குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், புரோமெதசின் போன்ற பழைய அலர்ஜி மருந்துகள் தூக்கத்தை வரவழைக்கும். தூக்கம் வரவில்லை என்று நீங்கள் நினைக்கும்போதும் கை, கண் வேகம் குறைந்திருக்கும். வியர்வையையும் இவை குறைக்கக்கூடும். பாதுகாப்பு உடைக்குள் உடல் சூட்டை இறக்க உங்களிடம் இருப்பதே அந்த வியர்வைதான். அலர்ஜி தொல்லை இருந்தால் ஃபெக்ஸோஃபெனடின், லோராடடின் மாதிரி தூக்கம் குறைவாகத் தரும் மருந்துக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கோடீன் கலந்த இருமல் சிரப் ஓபியாய்டு (அபின் போன்ற மருந்து) வகை, சோதனையிலும் தெரியும். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் இதயத்தை வேகமாக அடிக்கவைக்கும். முதல்கட்டச் சோதனையில் சில நேரம் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கப் போதைப்பொருள் போலவும் காட்டிவிடும். தூக்க மாத்திரையின் பாதிப்பு காலையில் முடிந்துவிடும் என்று நம்பாதீர்கள். சோல்பிடெம் மறுநாள் காலையிலும் இரத்தத்தில் தங்குகிறது என்பதால்தான் 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைத்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. விதிக்குப் பயந்து ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். மாத்திரையைச் சொல்லியிருந்தால் வேளையை மாற்றியிருப்போம், இல்லை சில நாள் அலுவலக வேலை கொடுத்திருப்போம். சொல்லாததால் அவர் 170 அழுத்தத்தோடு ஏணி ஏறிக்கொண்டிருந்தார்.

கேள்வி: கஞ்சா பதுக்கிய கிடங்கு எரிந்தது. அந்தப் புகையில் நின்றேன். அடுத்த வாரம் சிறுநீர்ச் சோதனை வந்தால்?

சுவாசக் கருவி போட்டிருந்தீர்கள் என்றால் கவலையே வேண்டாம். போடாமல் வெளியே காற்றோட்டத்தில் நின்றிருந்தாலும் சோதனையின் வரம்பைத் தாண்டுவது மிகவும் அரிது. காற்றே போகாத அறையில் நெடுநேரம் பிறர் விட்ட புகையில் உட்காரவைத்த ஆய்வுகளில்தான் சிலருக்கு வரம்பைத் தாண்டியது, அதுவும் சில மணி நேரத்துக்குத்தான். இருந்தாலும் சம்பவ அறிக்கையில் அன்றைக்கே எழுதிவைத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும்.

ஃபென்டனில் என்ற வீரியமான ஓபியாய்டின் தூள் கையில் பட்டாலே மயங்கிவிடுவோம் என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. தோலில் பட்ட மாத்திரத்தில் அப்படி ஆவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று 2017-ல் அமெரிக்க நச்சியல் மருத்துவர் அமைப்புகள் தெளிவாகச் சொல்லிவிட்டன. கையுறை போடுங்கள், தண்ணீரும் சோப்பும் விட்டுக் கழுவுங்கள், முகத்தைத் தொடாதீர்கள்.

கேள்வி: நான் இருக்கும் நாட்டில் கஞ்சாவுக்குச் சட்டத் தடை இல்லை. விடுமுறையில் பயன்படுத்தினால் துறைக்கு என்ன?

மதுவும் சட்டப்படிதான் கிடைக்கிறது! ஆனால் உங்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சிறுநீரில் தேடுவது கஞ்சாவை உடல் சிதைத்த பிறகு மிஞ்சும் பொருளை. அது கொழுப்பில் தங்கி, தினமும் பயன்படுத்துபவருக்கு வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். எப்போதோ பயன்படுத்தினார் என்று சொல்லுமே தவிர, இப்போது போதையில் இருக்கிறாரா என்று சொல்லாது. உமிழ்நீர்ச் சோதனை இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை. ஆனால் விதி "மாதிரியில் இருக்கக்கூடாது" என்று எழுதப்பட்டிருந்தால் அந்த விதிதான் உங்களுக்கு. வேலைக்குச் சேரும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

கேள்வி: கசகசா சாப்பிட்டால் மாட்டிக்கொள்வோமா?

மார்ஃபின் காட்டலாம், அது கட்டுக்கதை இல்லை. இதற்காகவே அமெரிக்க மத்திய அரசு 1998-ல் சோதனையின் ஓபியேட் (மார்ஃபின் போன்ற அபின் பொருள்கள்) வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமில் இருந்து 2000-க்கு உயர்த்தியது. அப்படியும் 2023-ல் அங்குள்ள ராணுவம் தன் வீரர்களைக் கசகசா வேண்டாம் என்று எச்சரித்தது. சோதனை இருக்கும் வேலையில் தவிர்ப்பதே நிம்மதி.

கேள்வி: எந்தச் சந்தேகமும் இல்லாமல், திடீரென்று எல்லோரையும் சோதிப்பது சட்டப்படி செல்லுமா?

இடத்துக்கு இடம் வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-ல், பிறர் உயிர் சம்பந்தப்பட்ட சில வேலைகளில் தனிப்பட்ட சந்தேகம் இல்லாமலும் சோதிக்கலாம் என்றது. ஆனால் அதே நாட்டில், அரிசோனா உச்ச நீதிமன்றம் 2004-ல் மேசா நகரத் தீயணைப்பு வீரர்களின் திடீர்ச் சோதனையை ரத்து செய்தது. அங்கே போதைப் பிரச்சினை இருந்ததாகவே நகராட்சி காட்டவில்லை என்பது ஒரு காரணம். நியாயமான சந்தேகத்தின் பேரிலும் விபத்துக்குப் பிறகும் சோதிப்பது வேறு விஷயம், அதைப் பெரும்பாலும் யாரும் எதிர்ப்பதில்லை.

என் யோசனை: மறுக்காதீர்கள். பல துறைகளில் மறுப்பும் தோல்வியும் ஒன்றுதான். மாதிரியை இரண்டு குப்பிகளில் பிரிக்கிறார்களா, முத்திரை உங்கள் கண் முன்னால் வைக்கிறார்களா என்று பாருங்கள். முதல்கட்ட முடிவை மட்டும் வைத்து முடிவெடுத்தால் உறுதிச் சோதனை கேளுங்கள்.

கேள்வி: ஷிப்டுக்கு வந்த நண்பரிடம் வாடை அடிக்கிறது. காட்டிக்கொடுத்தால் அவர் குடும்பம் என்ன ஆகும்?

முதலில் அது மதுதானா என்று பாருங்கள். ஒரு நிலையத்தில் தள்ளாடி, உளறிக்கொண்டிருந்தவரை "போதை இறங்கட்டும்" என்று ஓய்வறையில் படுக்கவைத்துவிட்டார்கள். அவர் சர்க்கரை நோயாளி, சர்க்கரை இறங்கியிருந்தது. தலையில் அடி, கார்பன் மோனாக்சைடு நச்சு இரண்டும்கூடக் குடித்தவர் போலவே காட்டும். நேற்று இரவு தீயில் வேலை செய்தவர் என்றால் இந்தச் சந்தேகம் முதலில் வர வேண்டும்.

அப்புறம், மணி அடிக்கும் முன்பே நிலைய அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். "குடித்திருக்கிறார்" என்று தீர்ப்புச் சொல்லாமல் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: வாடை, பேச்சு, நடை. இரண்டாவது ஆளும் பார்ப்பது நல்லது. அவரைத் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக விடாதீர்கள். "சத்தமில்லாமல் பின் சீட்டில் உட்காரவை" என்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. மணி அடித்தால் அந்தப் பின் சீட்டுக்காரர்தான் குழாயின் மறுமுனையைப் பிடிப்பார்.

கேள்வி: நான் தன்னார்வ வீரன். வீட்டில் இரண்டு பீர் குடித்தபின் சைரன் ஒலித்தால்?

போகாதீர்கள். அழைப்பை ஏற்காததற்கு யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: நான்கு மாதம் முன்பு ஒரு குழந்தையை வெளியே கொண்டுவந்தோம், பிழைக்கவில்லை. அதிலிருந்து தினமும் குடிக்காமல் தூக்கம் வருவதில்லை. சொன்னால் வேலை போய்விடுமா?

எல்லாத் துறைக்குமாக நான் உறுதி தர முடியாது. ஆனால் சோதனையில் மாட்டுவதற்கு முன் தானாக வந்து சொல்பவரைப் பல துறைகளின் விதிகள் தனியாகவே நடத்துகின்றன: சிகிச்சை, சில மாத மாற்றுப் பணி, தகுதிச் சோதனை, பிறகு திரும்புதல். விதிப் புத்தகத்தை எடுத்து அந்தப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். சங்கம் இருந்தால் அவர்களோடு சேர்ந்து போய்ச் சொல்லுங்கள். அந்தக் குழந்தையைப் பற்றியும் சொல்லுங்கள். குடியை மட்டும் நிறுத்தி அதை உள்ளேயே வைத்துக்கொண்டால் தூக்கம் திரும்பாது.

ஒன்று மட்டும் அவசரம். இந்தப் பதிலைப் படித்துவிட்டு இன்றைக்கே ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் கை நடுக்கம், வலிப்பு, சித்தக் குழப்பம் வரலாம், உயிருக்கும் ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில் மருந்தோடு படிப்படியாக நிறுத்த வேண்டும். நாளை காலை ஷிப்ட் இருந்தால் விடுப்பு சொல்லிவிட்டு நேரே மருத்துவரிடம் போங்கள்.